‘அம்மம்மா’ என்றால் இரண்டு முறை உதடு ஒட்டும்

செக் மொழியில் பாட்டியைக் கூப்பிடும்போது ‘பாபிச்கோ’ என்பார்கள். ‘பா’வில் ஒருமுறை உதடு ஒட்டித் திறக்கும், ‘பி’யில் இன்னொருமுறை. நாங்கள் தமிழ் பேசவைக்க வேலை செய்த செக் படத்தில் ஒரு சிறுமி அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவளுடைய முகம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. முதலில் ‘பாட்டி’ என்று பேசவைத்தோம். அதில் ஓர் ஒட்டல்தான். இரண்டாவது முறை உதடு ஒட்டியபோது சத்தம் எதுவும் இல்லாமல், பிள்ளை மீனைப்போல வாயை மூடித் திறந்தது. ‘அப்பாச்சி’யிலும் அதே சிக்கல். பிறகு ‘அம்மம்மா’ என்று வைத்துப் பார்த்தோம். இரண்டு ஒட்டல்கள், இரண்டும் தத்தம் இடத்தில். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் ஒரு வீட்டின் பின்னறையில், இரவு பதினொன்றரை மணிக்கு, வியர்வையில் ஊறிப்போயிருந்த மூன்று பேர் ஒரே ஒரு சொல்லுக்காகக் கைதட்டினோம்.

அந்தச் சொல் கடைசிப் பிரதியில் இல்லை. பத்து மாத வேலையில் நாங்கள் செய்து எறிந்தவை, வைத்துக்கொண்டவற்றைவிட அதிகம்.

நான் கலியாண வீடியோ எடிட் செய்பவன். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே தாலி கட்டிவிட்டுப் போகிறவர்களின் மூன்று நாள் வைபவத்தை மூன்று மணி நேரமாகச் சுருக்குவதுதான் என் பிழைப்பு. அப்படி ஒரு கலியாணத்தில் அறிமுகமான ஒஸ்லோ அக்கா ஒருவர் 2022 தொடக்கத்தில் தொலைபேசியில் அழைத்தார். பழைய செக்கோஸ்லோவாக்கியப் படம் ஒன்று. சூனியக்காரி, சாபம், பேசாத அரசன், பனிக்காடு, எல்லாம் உண்டு. நோர்வே, டென்மார்க், கனடா ஆகிய நாடுகளில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதைத் தமிழில் காட்ட வேண்டும் என்றார். நத்தார் (கிறிஸ்மஸ்) விடுமுறைக்கு முன் வேண்டும். படத்தின் பெயரை எழுத ஒப்பந்தம் இடம்தராது. ஆகவே ‘படம்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஒப்பந்தத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நான் கடைசியாகத்தான் வாசித்தேன். டப்பிங் உரிமை வேறு, வெட்டும் உரிமை வேறு. படத்தைக் காட்டவும் மொழிமாற்றவும் காசு கட்டி அனுமதி வாங்கிவிட்டால் அதை எப்படியும் கத்தரிக்கலாம் என்று நினைத்திருந்தேன். பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பேர்ன் உடன்படிக்கையின் 6பிஸ் பிரிவு, படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையை, பொருளாதார உரிமையை விற்ற பிறகும் படைப்பாளியிடமே விட்டுவைக்கிறது. நம் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் இந்த ‘ஒழுக்க உரிமை’ இருக்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில் தெளிவாக ஒரு வரி இருந்தது: 12 நிமிடத்துக்கு மேல் வெட்டினால் எழுத்தில் சம்மதம் வேண்டும். நான் 19 நிமிடம் வெட்டிவிட்டு, நல்ல வெட்டு என்றால் யார் மறுக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் பிராகாவில் இருக்கும் படத்தின் உரிமைக்காரர்களுக்கு அனுப்பினேன். மிகவும் மரியாதையாக இரண்டு வரியில் மறுத்தார்கள். ஐந்து வாரம் போயிற்று.

அவர்களைக் குறைசொல்ல முடியாது. இப்படிப்பட்ட படங்களுக்கு வெளிநாட்டில் நடந்த கூத்துகள் கொஞ்சமா? 1953இல் சோவியத்தில் எடுத்த ‘சத்கோ’ படம், நொவ்கொரொத் நகரத்து நாட்டார் கதைப் பாடகனைப் பற்றியது. 1962இல் அமெரிக்காவில் அவனைச் சிந்துபாத் ஆக்கிவிட்டார்கள். அந்தத் திருத்தத்துக்கு வசனம் எழுதிக்கொடுத்த இளைஞர், பிற்காலத்தில் ‘காட்ஃபாதர்’ எடுத்த பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா. மியாசாகியின் 1984ஆம் ஆண்டுப் படம் ‘நௌசிகா’வை அமெரிக்கப் பிரதியில் ஏறத்தாழ 22 நிமிடம் வெட்டி, வேறு பெயர் வைத்து வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் அவருடைய ஸ்டூடியோ வெளிநாட்டுக்குக் கொடுக்கும்போது வெட்டக்கூடாது என்று பிடிவாதமாக நிற்கத் தொடங்கியது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் எங்களுக்குள் அந்தச் சபலம் வந்தது. உதவிக்கு இருந்த தம்பி ஒருநாள், “அண்ணை, இந்த அரசனுக்குச் சங்கிலியன் என்று பெயர் வைத்தால் என்ன?” என்று கேட்டான். முத்திரைச்சந்தியில் குதிரைமேல் சிலையாக இருக்கும் யாழ்ப்பாணத்துச் சங்கிலிய மன்னனை முழங்கால் அளவு பனிக்குள் நினைத்துப் பார்த்தேன். சிரித்து முடிய ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் ஒரு நாள் முழுக்க அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டும்போது செய்த பெரிய பிழை ஓர் ஆப்பிள். படத்தின் முதற்பாதியில் அந்தச் சிறுமி கிழட்டுக் குதிரைக்கு ஆப்பிள் ஊட்டுகிறாள். இரண்டு நிமிடம், வசனம் இல்லை, இசையும் மெல்லிசாக. கலியாண வீடியோக்காரன் கண்ணுக்கு அது ‘இழுவை’. எடுத்து எறிந்தேன். நாற்பது நிமிடம் கழித்து, காட்டில் எல்லாரும் கைவிட்ட பிறகு, அந்தக் குதிரை தானாக அவளிடம் வந்து நிற்கிறது. தம்பியின் அக்கா மகளுக்கு எட்டு வயது. அவளுக்குப் போட்டுக் காட்டியபோது, “மாமா, இது யாருடைய குதிரை?” என்றாள். சிறுவர் படத்தில் மெதுவாகப் போகிற இடங்கள் பெரும்பாலும் கடன் கொடுக்கிற இடங்கள். பின்னால் எங்கோ அது வட்டியோடு திரும்பி வரும். அதன் பிறகு ஒரு கொப்பியில் இடப்பக்கம் ‘கொடுத்தது’, வலப்பக்கம் ‘வாங்கியது’ என்று கோடு போட்டு, படத்தின் ஒவ்வொரு காட்சியையும் எழுதினேன். வலப்பக்கத்தில் துணை இல்லாத காட்சிகளைத்தான் தொட்டோம். அரண்மனை ஆலோசனைக் கூட்டம், சாராயத் தவறணைப் பாட்டின் இரண்டாம் சரணம், ஒரு நீளமான வேட்டை. மொத்தம் 11 நிமிடம். பிராகாவிலிருந்து ஒரு முணுமுணுப்பும் வரவில்லை.

வெட்டிய இடத்தில் இசை துள்ளும். அதைப் பற்றி ஒரே ஒரு சொல். படத்தை எங்கே வெட்ட விருப்பமோ அங்கே வெட்டாமல், இசையில் தாளம் முடிகிற இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு அருகிலுள்ள பிரேமில் (தனிப் படச்சட்டத்தில்) வெட்டுங்கள். கண் மன்னிக்கும், காது மன்னிக்காது.

அடுத்தது, நான் எழுதிய முறைப்பாட்டுக் கடிதம். ஆவணங்களில் படத்தின் நீளம் 98 நிமிடம். எனக்கு வந்த கோப்போ 94 நிமிடம். யாரோ ஏற்கெனவே நான்கு நிமிடத்தை வெட்டிவிட்டு எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று நினைத்து, ஆங்கிலத்தில் காரமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு பிரேமும் குறையவில்லை. படம் வினாடிக்கு 24 பிரேமில் எடுக்கப்பட்டது; ஐரோப்பியத் தொலைக்காட்சி வழமைப்படி அதை 25 பிரேமில் ஓடவிட்டிருக்கிறார்கள். வேகம் நூற்றுக்கு நான்கு கூடினால் 98 நிமிடம் 94 ஆகிவிடும். கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு தெரியாததால் பட்ட பாடு தனி. படம் 25இல் வந்தது. வசனம் இல்லாமல் இசையும் ஓசைகளும் மட்டும் உள்ள ‘எம் அண்ட் ஈ’ தடம் 24இல் வந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்தால் முதல் நிமிட முடிவிலேயே 2.4 வினாடி விலகும். பத்தாவது நிமிடத்தில் 24 வினாடி. கதவு சாத்திய பிறகு எப்போதோ கதவுச் சத்தம். நான் அதைக் காட்சிக்குக் காட்சி வெட்டி இழுத்து ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன், நான்கு நாட்களாக. தம்பி கோயில் பஜனைக்கு ஹார்மோனியம் வாசிப்பவன். அவன்தான் பிடித்தான். “அண்ணை, படத்தில் இருக்கிற பாட்டும் இந்தத் தடத்தில் இருக்கிற பாட்டும் ஒரே கட்டையில் இல்லை. இது ஐந்து கட்டை. அது ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது.” வேகம் கூடினால் சுருதியும் ஏறும், 24இலிருந்து 25க்குப் போனால் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஏறிவிடுகிறது. படத்தை 24க்குத் திருப்பியதும் எல்லாம் ஒரே இழுப்பில் பொருந்தியது. கோப்பு கையில் கிடைத்ததும் முதலில் பிரேம் வேகத்தைக் கேளுங்கள். முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், கடைசி நிமிடத்தையும் வைத்துப் பாருங்கள். 24க்கும் 23.976க்கும் உள்ள வித்தியாசம் தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. ஒரு மணி நேரத்தின் முடிவில் மூன்றரை வினாடிக்கு மேல் நிற்கும்.

பதிவு அறை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பின்னறைச் சுவரில் பஞ்சு மெத்தைகள், யன்னலுக்குச் சாக்கு, கதவுக்கு இரண்டு போர்வை. முட்டை அட்டை ஒட்டுகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். அறைக்குள் எதிரொலியைச் சிறிது குறைக்குமே தவிர, வெளிச்சத்தத்தை அது ஒருபோதும் தடுக்காது. பகலில் ஓட்டோ, மாலையில் கோயில் ஒலிபெருக்கி, இரவில் நாய். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் நடிப்பவர்கள் யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் குரலில் ஐஸ்கிரீம் கட்டியிருக்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் தவளை. பல்லி ஒன்று ஒவ்வொரு நல்ல டேக்கின் முடிவிலும் சொல்லியது. அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று பஞ்சாங்கத்தில் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டோம்.

வேடிக்கை என்னவென்றால், எங்களுக்குக் கிடைத்த மிகச் சுத்தமான ஒலி, நாடு மிகவும் கெட்டுப்போயிருந்த நாட்களில்தான் கிடைத்தது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம்வரை போனது. மின்விசிறி இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை, ஒலிபெருக்கி இல்லை, பெட்ரோல் இல்லாததால் ஓட்டோவும் இல்லை. கொக்குவில் முழுவதும் மூச்சை அடக்கியதுபோல இருக்கும். மடிகணினி பட்டரியில் இரண்டு மணி நேரம். அதற்குள் பதிவுசெய்துவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாணும் சம்பலும் சாப்பிடுவோம். பட்டரி முடியும் நேரத்தில் நடிப்பவர்களுக்கு வருகிற கவனம் ஒரு தனிக் கவனம்.

இனி வசனம். உதட்டசைவுக்கு வசனம் எழுதுவது என்றால் ப, ம எங்கே வருகிறது என்று தேடுவதுதான் என்று தொடக்கத்தில் நினைத்தேன். அது பாதிதான். முகம் நெருக்கத்தில் இருக்கும்போது, வசனத்தின் முதல் அசையும் கடைசி அசையும் பொருந்தினால் போதும். நடுவில் உள்ளதை யாரும் எண்ணுவதில்லை. தூரக் காட்சியில் எதுவும் தேவையில்லை. ‘ஆம்’ என்பதற்குச் செக்கில் ‘அனோ’. வாய் குவிந்து திறந்தபடி முடியும். தமிழ்நாட்டு ‘ஆமாம்’ இரண்டு முறை வாயை மூடிக் காரியத்தைக் கெடுத்தது. எங்கள் ‘ஓம்’ஐ எடுத்து அதன் மகரத்தை விழுங்கி ‘ஓ’ என்று விட்டோம். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்பாவைக் கூப்பிடும் ‘தத்தீன்கு’தான் எங்களைச் சோதித்தது. அந்த வாய்க்குத் ‘தாத்தா’ அச்சாகப் பொருந்தும். அப்பாவைத் தாத்தா ஆக்கினால் என்ன என்று தம்பி கேட்டான். அந்த நடிகருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

உதட்டைவிடக் கடினமானது முகம். ‘நான் உன்னோடு வரமாட்டேன்’ என்பதைச் செக்கில் சொன்னால், முதல் சொல்லின் முதல் அசையே மறுப்பு. நடிகை அந்த அசையிலேயே தலையை வெட்டித் திருப்புகிறாள். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் வால்பகுதியில் வருகிறது. முகம் கோபப்பட்டு ஓய்ந்த பிறகுதான் ‘மாட்டேன்’ வந்து சேர்கிறது. பிள்ளைகளுக்கு அது பொய்யாகத் தெரியும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும். “மாட்டேன். உன்னோடு வரமாட்டேன்” என்று மாற்றினோம். மறுப்பு, பயம், பெயர் சொல்லிக் கூப்பிடுதல் மூன்றையும் வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதி நடிப்பு தானாகச் சரியாகிவிடும்.

சொல் தெரிவில் ஒரு பெரிய சண்டை. எந்தத் தமிழ்? தொடக்கத்தில் நான் எழுதியது சென்னைத் தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிய டப்பிங் தமிழ். ‘அரசர் என்னோடு பேசினார்’ என்று ஒரு வரி. பக்கத்து வீட்டு டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, “ஏன் தம்பி, பிள்ளை என்ன குற்றம் செய்தது?” என்றார். யாழ்ப்பாணத்தில் பேசினார் என்றால் ஏசினார். கதைத்தார் என்றால்தான் பேசினார். ஒஸ்லோப் பிள்ளை வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டு வளர்ந்தது இந்தத் தமிழைத்தான்: கெதியாக வா, விளங்குகிறதா, வடிவாகச் சாப்பிடு. ‘புரிகிறதா’ என்பது அதற்கு நாலாம் வகுப்புப் புத்தகம்.

பையன் ஒருவன் சிறுமியின் அண்ணனுக்குக் குரல் கொடுத்தான். பதின்மூன்று வயது, கண்ணாடிமாதிரிக் குரல். மார்ச்சில் முதற்பாதியைப் பதிவுசெய்தோம். பிறகு பெட்ரோல் வரிசை, டியூஷன், திருவிழா. ஆகஸ்ட் கடைசியில் படலையைத் திறந்துகொண்டு வந்து “வணக்கம் அண்ணா” என்றான். என் வயிறு கலங்கிவிட்டது. குரல் உடைந்திருந்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பையனை வைத்துப் பதிவுசெய்தால் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து வயதுப் பெண்பிள்ளையிடம் கொடுங்கள். உலகம் முழுக்கச் சிறுவர்களுக்குப் பெண்களைப் பேசவைப்பது சும்மா அல்ல.

பனியின் சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். எம் அண்ட் ஈ தடத்தில் மூன்றாம் சுருளுக்கு ஓசைகள் இல்லை. நடை, குதிரை, கதவு எல்லாம் நாங்கள் செய்ய வேண்டியிருந்தது. குதிரைக்குச் சிரட்டை, அது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. பனி மேல் நடக்கிற சத்தத்துக்கு, எங்களில் ஒருவரும் பனியை மிதித்ததில்லை. அரிசிமாவைத் துணிப்பையில் கட்டிப் பிசைந்தோம்; மணல்போல இருந்தது. ஒடியல்மா இன்னும் மோசம். கடைசியில் கோர்ன் ஃப்ளவர் வாங்கிப் பிசைந்தால், பல் கூசுகிற மாதிரி ‘கிறீச், கிறீச்’ என்று வந்தது. ஒஸ்லோ அக்காவின் மகனுக்கு அனுப்பினோம். ஒன்பது வயதுக்காரன் திருப்பி அனுப்பிய குரற்செய்தி: “இது நல்ல குளிர். ஆனால் படத்தில் மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அப்போது பனி இப்படிக் கத்தாது.” குளிர் கூடக்கூடத்தான் பனி கிறீச்சிடும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. துணியை ஈரமாக்கித் திரும்பவும் செய்தோம்.

செப்டெம்பரில் நாற்பது நிமிடம் முழு டப்பிங்கோடு தயாராகிவிட்டது. உதடு பொருந்தியது, சுருதி பொருந்தியது, பனி சொட்டியது. எனக்கு அதில் பெருமை. அக்கா ஐந்து பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் போட்டுக் காட்டினார். அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, கோபிக்கக் கூடாது. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எழும்பிப் போய்விட்டார்கள்.”

“ஏன் அக்கா, தமிழ் விளங்கவில்லையா?”

“விளங்கியது. ஏன் எல்லாரும் ஒரே அறைக்குள் இருந்து கதைக்கிறார்கள் என்று மகன் கேட்கிறான்.”

ஒன்பது பாத்திரங்கள், ஐந்து குரல்கள், ஒரு பின்னறை. அந்தப் பின்னறையைப் பிள்ளை கேட்டுவிட்டான். காட்டில் நிற்பவனுக்கும் அரண்மனையில் நிற்பவனுக்கும் ஒரே மெத்தைச் சுவர். மேடையில் பழகிய எங்கள் நடிகர்கள் மைக்குக்கு முன்னாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரியே பேசியிருந்தார்கள். இதைக் கருவிகளால் கொஞ்சம் மறைக்கலாம். கையில் இருந்த காசுக்கும் நேரத்துக்கும் முழுதாக மறைக்க முடியாது.

அப்போது அக்கா ஒரு கதை சொன்னார். செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து 1973இல் எடுத்த சிண்டரெல்லா படம் ஒன்று நோர்வேயில் நத்தாருக்கு முதல்நாள் தொலைக்காட்சியில் வரும். பரம்பரை பரம்பரையாக எல்லா வீட்டிலும் பார்ப்பார்கள். அதில் ராணி, இளவரசன், சிண்டரெல்லா, சித்தி எல்லாருக்கும் ஒரே ஓர் ஆணின் குரல். க்னூட் ரீசான் என்ற நடிகர். அடியில் செக் குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கும், மேலே அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போவார். “நானும் மகனும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம், தம்பி. ஒரு நாளும் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.”

முதலில் எனக்குச் சினம்தான் வந்தது. பிறகு தேடிப் பார்த்தால், கிழக்கு ஜெர்மனியில் 1957இல் எடுத்த ஒரு மாயக் கதைப் படத்தை பிபிசி 1964இல் இதே விதமாக, ஜெர்மன் குரலை அடியில் விட்டு மேலே ஆங்கிலத்தில் கதை சொல்லிக் காட்டியிருக்கிறது. போலந்துத் தொலைக்காட்சியில் இன்றைக்கும் ஒரே குரலில் வாசிப்பது வழக்கம். ஏழைத்தனத்தால் வந்த முறை என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் ஏழைத்தனம் ஒன்றும் எங்களுக்குப் புதிது அல்லவே. அதோடு நாங்கள் எல்லாரும் கதை கேட்ட விதமே அதுதானே: விறாந்தையில் ஒரு கிழவி, ராட்சசனுக்கும் அவள் குரல், இளவரசிக்கும் அவள் குரல்.

பக்கத்து வீட்டு டீச்சரிடம் போனோம். ஆரம்பப் பள்ளியில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வானொலி நாடகங்களை வசனத்தோடு மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். எழுதிய தாள்களை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு வரி வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். “இதை வாசித்தால் பாடமாகிவிடும் தம்பி. முதலில் சத்தமில்லாமல் மூன்றுதரம் படத்தைப் போட்டுக் காட்டுங்கள்.” மூன்றாவது தரம் பார்க்கும்போதே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். தாளில் நான் ‘இளவரசி மனம் உடைந்து வெளியேறினாள்’ என்று எழுதியிருந்த இடத்தில் அவர் சொன்னது: “போகிறாள் பிள்ளை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.”

ஆறு இரவுகளில் முழுப் படத்தையும் முடித்தோம். ஐந்து மாதம் செய்த டப்பிங், பையனின் இரண்டு குரல்கள், சிரட்டைக் குதிரை, ஈரப் பனி, ‘அம்மம்மா’ எல்லாம் ஹார்ட் டிஸ்கின் மூலைக்குப் போயின. மூலப்படத்தின் ஒலியே அடியில் ஓடுவதால் எங்கள் ஓசைகளுக்கு வேலை இல்லை. மிச்சமிருந்த கோர்ன் ஃப்ளவர் தம்பி வீட்டுச் சூப்புக்குப் போனது.

ஒற்றைக் குரல் முறையிலும் நுணுக்கம் இருக்கிறது. மூலக் குரல் தொடங்கி அரை வினாடி கழித்துத்தான் கதைசொல்லி தொடங்க வேண்டும். அந்த அரை வினாடியில் பிள்ளை நடிகரின் உண்மையான கோபத்தை, அழுகையைக் கேட்டுவிடும். பிறகு பொருளை மட்டும் டீச்சர் கொடுத்தால் போதும். மூலக் குரல் முடியுமுன் இவர் முடித்துவிட வேண்டும், அதன் வால் தனியாகக் கேட்க. மூல ஒலியை நாங்கள் 12 டெசிபல் இறக்கினோம், ஆனால் திடீரென்று இறக்காமல், தண்ணீர் வடிவதுபோல. இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் இசை மூச்சுவாங்கும். மூன்று பேர் மாறிமாறிக் கதைக்கிற இடத்தில் எல்லாவற்றையும் மொழிபெயர்க்க முயலாதீர்கள். ஒருவரின் வரியைச் சொல்லி மற்ற இருவரையும் முகத்திடம் விட்டுவிடலாம். திரையில் தெரிவதைச் சொல்லவே கூடாது. சிறுமி பாட்டியைக் கூப்பிடும் நெருக்கக் காட்சியில் டீச்சர் எதுவும் சொல்லவில்லை. ‘பாபிச்கோ’ அப்படியே இருக்கிறது. படம் பாடசாலை மண்டபங்களில் ஓடப்போவதால் அவருடைய குரலில் அடித்தொனியைக் கொஞ்சம் குறைத்தோம். எதிரொலிக்கும் மண்டபத்தில் அடித்தொனிதான் சொற்களை விழுங்கும்.

டிசம்பர் நடுவில் ஒஸ்லோவில் காட்டினார்கள். அக்கா மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து கைத்தொலைபேசியில் முழுவதையும் பதிவுசெய்து அனுப்பினார். திரை சிறிய வெள்ளைப் பெட்டியாகவும் பிள்ளைகளின் தலைகள் கறுப்புக் குன்றுகளாகவும் தெரிந்தன. டீச்சர் வீட்டு விறாந்தையில் கதிரைகளை இழுத்துப் போட்டு, மடிகணினியில் பார்த்தோம். மழை பெய்துகொண்டிருந்தது, தவளைச் சத்தத்தில் ஒலி சரியாகக் கேட்கவில்லை, ஆனால் யாரும் எழும்பிப் போகவில்லை என்பது தெரிந்தது. நாற்பதாவது நிமிடத்துக்குப் பிறகு மந்திரி முட்டைக் கூடையில் உட்காரும் காட்சி. மண்டபம் சிரித்தது. சிரிப்பு ஓய்கிற நேரத்தில் டீச்சரின் குரல், ‘ஐயோ, மந்திரியார் முட்டையில் இருந்துவிட்டார்’ என்றது.

டீச்சர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “திரும்பப் போடுங்கள் அந்த இடத்தை.”

போட்டேன். திரும்பவும் சிரிப்பு முதலில், வரி பிறகு.

“பார்த்தீர்களா தம்பி, நான் வாயைத் திறக்குமுன் பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம்.”

கனடாவுக்கு அனுப்ப வேண்டிய பிரதி இன்னும் போயிருக்கவில்லை. அன்றிரவே அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிய கோப்பை ஏற்றத் தொடங்கினேன். விடிய ஆறு மணிவரை ஏறிக்கொண்டிருந்தது.